நச்சும் புற்றுநோயும்: சென்னையில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணலி, எண்ணூர் பக்கம் வாடை அடிக்காத நாளில் காற்று நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். மூக்கை நம்புவதுதான் முதல் தவறு. 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூரில் அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அமோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் உடனே தாக்கும். ஆனால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இருக்கிற, கூரை ஷீட்டில் கலந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழைக்கோ வாடையே கிடையாது. நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள் எத்தனையோ நாள் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமலே காற்றில் இருக்கும்.

அடுத்தது, “இத்தனை வருஷமா இருக்கோம், ஒண்ணும் ஆகலையே” என்ற தைரியம். ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் உறைப் புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 40 வருடம்கூட ஆகும். முப்பது வயதில் சுவாசித்த தூசிக்கு அறுபதில்தான் பதில் வருகிறது.

நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகள் ஏராளம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிமென்ட் ஷீட் உடையாமல் கூரையில் கிடக்கும்வரை அதிலிருந்து இழை வெளிவருவது குறைவு. அதை அறுக்கும்போது, துளை போடும்போது, பாசியைச் சுரண்டும்போதுதான் ஆபத்து. வர்தா, மிக்ஜாம் மாதிரிப் புயலுக்குப் பிறகு உடைந்த துண்டுகளைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி, பெரிய துண்டுகளைச் சுத்தியலால் நொறுக்கி, சாக்கில் கட்டி, பிள்ளைகள் விளையாடும் காலி மனையில் போடுகிறார்கள். இது வேண்டவே வேண்டாம். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள். துண்டுகளை நொறுக்காமல் கையுறை போட்டு எடுத்துத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். குறைந்தது என்95 முகக்கவசமாவது போட்டுக்கொள்ளுங்கள். வாயில் துண்டு கட்டுவது போதாது. புதிதாகக் கூரை போடுவதென்றால் வேறு பொருளைப் பாருங்கள். கொஞ்சம் செலவு கூடினாலும் பரவாயில்லை.

வேலைத் துணியோடு வீட்டுக்கு வருவதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் துணியைத் துவைத்த மனைவிமாருக்கே நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்த கதைகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. மரத்தூள், வெல்டிங் புகை, பெயின்ட் அடிக்கும் வேலை மூன்றுமே புற்றுநோயோடு தொடர்புடையவை என்று உறுதியானவை. பட்டறையிலேயே துணி மாற்றி, கை கால் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். வேலைத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம், அதனால் கிரீஸ் கறையைப் பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை மெக்கானிக் தம்பிகள் விட்டுவிட வேண்டும். சாதாரண முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது.

அப்புறம் குப்பை கொளுத்துவது. போகிக்கு டயர், மற்ற நாளில் தெருமுனைப் பிளாஸ்டிக், செம்புக்காக ஒயர். ஒயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் என்ற புற்றுநோய் நச்சு உண்டாகும். அது கொழுப்பில் தங்கி உடம்பில் பல வருடம் இருக்கும். பழைய ஒயரைக் கொளுத்தாமல் அப்படியே காயலான் கடையில் போடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-இல் வெளிக்காற்று மாசை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் பிரிவில், புகையிலை இருக்கும் அதே பிரிவில், சேர்த்தது. உடனே இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று செய்தி பரவியது. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது, ஆபத்தின் அளவை இல்லை. “ஊர்க் காற்றே விஷம், சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகுது” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸும் சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகிறது. நச்சை வெளியேற்றும் என்று விற்கிற ஜூஸும் பொடியும் நுரையீரலில் தங்கிய இழையை வெளியே கொண்டுவராது.

கடைசியாக, டாக்டரிடம் வேலையைச் சொல்லாமல் விடுவது. எந்த வேலை, எத்தனை வருடம், எந்தத் தூசி, எந்தப் புகை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் நம் ஊரில் முதலில் காசநோய்க்குத்தான் பார்ப்பார்கள், அது சரிதான். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்த பிறகும் இருமல் நிற்காமல் இருந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, எடை குறைந்தாலோ மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அரசு பொது மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ அந்தத் தாளோடு போய், எக்ஸ்ரேக்கு மேல் சிடி ஸ்கேன் தேவைப்படுமா என்று கேளுங்கள்.