ரோட்டரி இன்ஜின் விமானம்: கோட்டை விடுவது ரேடியேட்டரில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் ஜோபர்க்கிலும் (ஜோகன்னஸ்பர்க்) மாஸ்டா காரின் 13பி ரோட்டரி இன்ஜினை (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்வது) விமானத்தில் பொருத்தக் கிளம்பும் புதியவர்கள், நாங்கள் அன்று செய்த தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். போல்ட் முடுக்குவது, கசிவு பார்ப்பது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்டுவிடுகிறோம்.

ரேடியேட்டர் இருந்தால் போதும் என்று நினைப்பது

கார் ரேடியேட்டரை இன்ஜின் மூடியின் வாய்க்கு நேரே நிறுத்திவிட்டு, "பறக்கிற வேகத்துக்குக் காற்று தானாகப் புகும், அண்ணே" என்பார்கள். புகாது. கோரில், அதாவது ரேடியேட்டரின் தகடு அடுக்கில், முட்டிய காற்று ஓரத்துச் சந்து வழியாக நழுவிவிடும்.

உள்வாய் சிறியதாக இருக்கட்டும். கோர் முகப்பில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. அங்கிருந்து குழல் மெல்ல விரிந்து கோரின் விளிம்பை இறுகப் பிடிக்க வேண்டும். விரிய விரிய வேகம் குறைந்து அழுத்தம் ஏறும். கோருக்குள் காற்றைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். விளிம்பில் விரல் நுழைகிற சந்து இருந்தாலும் சிலிகான் பட்டையால் அடையுங்கள். வெளிவாய் உள்வாயைவிடச் சற்றுப் பெரிது.

அளக்கக் காசு செலவில்லை. கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயை 'ப' வடிவில் வளைத்து, பாதிக்கு நிறத்தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கோருக்கு முன்னும் மறுமுனையைப் பின்னும் விடுங்கள். 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கி.மீ.) வேகத்தில் மேலே ஏறும்போது மோதும் காற்றின் முழு அழுத்தமே சுமார் 13 சென்டிமீட்டர் தண்ணீர்தான். இரு மட்டத்துக்கும் இடையே 3 சென்டிமீட்டர்கூட இல்லையென்றால், முக்கால்வாசி வீண். பெரிய ரேடியேட்டர் வாங்கி இதைச் சரிக்கட்ட முடியாது.

எரிச்சல் வருவது இதற்கு மேல்தான். ஜூலைக் குளிரில் டர்பன் கடற்கரையோரம் பறந்து பார்த்து, ஊசி பச்சையில் நிற்கிறது என்று திருப்தியாகிவிடுகிறார்கள். அங்கே கோடைகாலமான ஜனவரி மதியம், 1,671 மீட்டர் உயரத்திலுள்ள ஜோபர்க்கின் ரேண்ட் விமான நிலையம், 30 டிகிரி வெயில்: அதே குழலுக்குள் வரும் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சூடு எல்லை தாண்டினால் ரோட்டரைச் சுற்றியுள்ள அலுமினிய ஹவுசிங் (கூடு) விரிந்து, அதற்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவிலுள்ள நீர் சீல் வெந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை. பிறகு முழு இன்ஜினையும் பிரித்தாக வேண்டும், ஒரு ரப்பர் வளையத்துக்காக.

தண்ணீரோடு கணக்கு முடிவதில்லை. ரோட்டரை உள்ளே குளிர்விப்பது ஆயில். தணிக்க வேண்டிய சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதன் தலையில். ஆயில் கூலருக்கும் தனிக் குழல் வேண்டும். இன்ஜினுக்குள் திரும்பும் ஆயில் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது.

வெப்பமானியை மட்டும் நம்புவது

நீர் வடிந்துவிட்டால் சென்சார் வெற்றிடத்தில் தொங்கும். ஊசி இறங்கும், சரியாகிவிட்டது என்று தோன்றும். நீருக்கு அழுத்தமானி கட்டாயம்.

மீட்டரிங் பம்பைக் கழற்றிவிட்டு மறப்பது

ரோட்டர் முனைகளிலுள்ள அபெக்ஸ் சீலுக்கு ஆயில் விடுவது அந்தப் பம்ப்தான். எடுத்துவிட்டால் 100 லிட்டர் பெட்ரோலுக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். வெளியூரில் டேங்க் நிரப்பும்போதுதான் மறக்கும். பாட்டில் விமானத்திலேயே இருக்கட்டும்.

கியர் விகிதம்

இன்ஜின் சுற்றை ப்ரொப்பெல்லருக்குக் குறைத்துத் தரும் கியர் 2.85 என்றால், இன்ஜின் நிமிடத்துக்கு 7,500 சுற்றில் ப்ரொப்பெல்லர் 2,630. 2.17 போட்டுவிட்டு 7,500-க்கு ஆசைப்படாதீர்கள்; ப்ரொப்பெல்லர் 3,450-ஐத் தாண்டிவிடும்.

மைல்ட் ஸ்டீல் சைலன்சர்

கிழியும். 321 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.