டிஷ்வாஷரில் தட்டு சரியாகக் கழுவவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு டிஷ்வாஷரில் மேல் அடுக்கில் வைத்த பாத்திரங்கள் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு வர ஆரம்பித்தன. பார்க்க வந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மோட்டார் போய்விட்டது, புதுசு போடணும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, நானே கழற்றிப் பார்த்தேன். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சுற்றும் ஸ்ப்ரே ஆர்ம்தான் அடைத்துக் கிடந்தது.

நம் பக்கத்தில் இது அடிக்கடி வரும். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் குடிநீர் வந்தாலும் அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, மெஷினுக்கு போர் தண்ணீரைத்தான் விடுகிறோம். அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூடானதும் வெள்ளையாகப் படியும், வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் பார்ப்பீர்களே, அதேதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர்க் குழாயை மூடுங்கள். இதைச் செய்யாமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

கீழ் ஆர்ம் பெரும்பாலான மெஷின்களில் நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். மேல் ஆர்ம் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நட்டோடு இருக்கும், அதைத் திருகி எடுக்கணும், எந்தப் பக்கம் திருகுவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதனால் முறுக்கி உடைத்துவிடாமல் மெதுவாக இரண்டு பக்கமும் பாருங்கள். கழற்றியதும் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். என்னுடையது கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போட்டது, கவிழ்த்துத் தட்டியபோது மூன்று கடுகு, ஒரு புளி நார், முட்டை ஓடு போல வெள்ளைச் செதில்கள் விழுந்தன. ராகி களி கிண்டிய சட்டியை வழிக்காமல் அப்படியே உள்ளே வைப்பதும் ஒரு காரணம், கட்டி கட்டியாகப் போய் ஃபில்டரில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைத்து, ஆர்ம் முழுக்க முழுகும்படி ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள், ஓட்டைகளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பினால் படிவு கரைகிறது என்று அர்த்தம். பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சையோ இதோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். ஊறியபின் ஒவ்வொரு ஓட்டையையும் பல்குச்சியால் குத்துங்கள். ஊசி, கம்பி வேண்டாம், ஓட்டை பெரிதானால் தண்ணீர் பீய்ச்சும் வேகம் போய்விடும். கடைசியில் நடு ஓட்டை வழியாகக் குழாய்த் தண்ணீரை விட்டால் எல்லா ஓட்டையிலும் சீராக வர வேண்டும், ஒன்று வராவிட்டாலும் மறுபடி ஊற வையுங்கள்.

அடியிலிருக்கும் ஃபில்டரையும் கழற்றி பழைய டூத்பிரஷால் தேயுங்கள். திரும்பப் போடும்போது அது பூட்டி உட்கார்ந்ததா என்று இழுத்துப் பாருங்கள், சும்மா வைத்திருந்தால் குப்பை பக்கவாட்டில் நழுவி மறுபடி ஆர்முக்கே போகும். தண்ணீர் வரும் ஹோஸ் மெஷினில் சேரும் இடத்தில் சின்ன வலை இருக்கும், அதையும் அலசிவிடுங்கள்.

தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அந்தக் கால்சியம் மெக்னீசியத்தைக் குறைக்க உப்பு போடும் அறை உள்ள மெஷின் என்றால் டிஷ்வாஷர் உப்பு மட்டும் போடுங்கள். சமையல் தூள் உப்பில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் உள்ளே அடைத்துவிடும். தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஒரு செட்டிங் இருக்கும், போர் தண்ணீர் என்றால் அதை ஏற்றி வையுங்கள், நான் அந்தச் செட்டிங்கைத் தொடாமலே விட்டு வைத்திருந்ததுதான் இத்தனை படிவுக்கும் காரணம்.

எல்லாம் மாட்டியபின், ஆர்ம் சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதன் ஒரு முனையைக் கதவைப் பார்க்கத் திருப்பி வைத்து, மெஷினை ஓடவிட்டு, தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டு ஒரு நிமிடம் கழித்து நிறுத்திவிட்டு மெதுவாகத் திறந்து பாருங்கள். முனை வேறு பக்கம் திரும்பியிருந்தால் சரி. அதே இடத்தில் நின்றிருந்தால் உயரமான தட்டோ கரண்டியோ இடிக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இல்லையென்றால் மட்டும் மோட்டாரைச் சந்தேகப்படலாம்.