பத்தாவது முடிக்கிற பிள்ளைக்கு முதலில் வேலையைக் காட்டுங்கள்

நம்ம பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள், "பையன் என்ன குரூப்புங்க?" அதற்குக் கௌரவமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றே பெரியவனைக் கணக்கும் உயிரியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்தேன். அவனோ வீட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டுவதில் சந்தோஷப்படுகிறவன். இரண்டு வருடம் வீட்டில் முகம் கொடுத்தே பேசவில்லை. பிளஸ் டூ முடித்து பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்த பிறகுதான் பழையபடி ஆனான். அதனால் சின்னவள் விஷயத்தில் வேறு மாதிரி செய்தோம்.

படிப்பின் பெயரை மட்டும் கேட்டு பதினைந்து வயதுப் பிள்ளையால் எதையும் முடிவு செய்ய முடியாது, வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு நமக்குப் பஞ்சமே இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை, நாமக்கல்லில் கோழிப்பண்ணை, கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனியும் ஃபவுண்டரியும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும். சொந்தத்தில் யாராவது ஒருவர் அங்கே வேலையில் இருப்பார். மே மாத லீவில் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ சொல்லி நாலு நாள் கூடவே இருக்க விடுங்கள், ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு டீ குடித்து வந்தால் பிரயோஜனம் இல்லை. என் மகள் ஒரு சாயப்பட்டறை லேபில் மூன்று நாள் இருந்தாள். கேட்ட நிறம் வரும்வரை சாயத்தை எத்தனை தடவை அளந்து மாற்றுகிறார்கள் என்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கெமிஸ்ட்ரி பற்றி வீட்டில் ஆசையாகப் பேசியது அன்றைக்குத்தான். திரும்பி வந்ததும் "பிடிச்சுதா கண்ணு" என்று கேட்டால் தலையை ஆட்டிவிடும், "அங்கே எது சலிப்பா இருந்துச்சு" என்று கேளுங்கள், உண்மை வரும்.

அப்புறம் குரூப். ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் என்ஜினியரிங், மருத்துவம், வேளாண்மை, கால்நடை எல்லாவற்றுக்கும் போகலாம், ஆனால் சுமை அதிகம், பிள்ளைக்குக் கணக்கு, உயிரியல் இரண்டிலும் விருப்பம் இருந்தால் மட்டும் எடுங்கள். காமர்ஸ் எடுத்தால் சி.ஏ. வரைக்கும் போகலாம், அதை மார்க் குறைந்தவர்கள் படிக்கிற படிப்பு என்று தயவுசெய்து பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ முடித்தால் என்ஜினியரிங்கில் நேரே இரண்டாம் வருடம் சேரலாம். நாமக்கல்லில் இருப்பது போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மார்க் போதும், நீட் வேண்டாம். ஆடு மாடோடு வளர்ந்த வீடுகளிலேயே பல பேருக்கு இது தெரியவில்லை.

பணத்தையும் மறைக்காதீர்கள். "எவ்வளவு ஆனாலும் படிக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகையை அடமானம் வைத்துப் புலம்பினால் அந்தப் பிள்ளை எப்படி நிம்மதியாகப் படிக்கும்? வருடத்துக்கு இவ்வளவு முடியும் என்று தொகையை இப்போதே சொல்லிவிடுங்கள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் என்ஜினியரிங்கிலும் மருத்துவத்திலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் ஃபீஸை அரசே கட்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை முன்னாடியே வாங்கி வையுங்கள்.

என்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு கட்ஆஃப், அதாவது வரிசைப்படுத்தப் பார்க்கும் மார்க், மொத்தம் 200, கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. போன வருடங்களில் எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு, எந்த கட்ஆஃபில் முடிந்தது என்று கவுன்சிலிங் தளத்திலேயே பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். காலேஜையும் பிரிவையும் நாம் வரிசையாகப் போடும் விருப்பப் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஆகவே வரிசை முக்கியம். பிரௌசிங் சென்டரில் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டு வெளியே நிற்காதீர்கள். இனி மாற்ற முடியாதபடி லாக் செய்வதற்கு முந்தின நாள் பட்டியலை பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்து, ஒவ்வொரு வரிக்கும் ஏன் இது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். காரணம் சொல்ல முடியாத வரியை அடித்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துப் போய்ப் பிள்ளை கையாலேயே போடச் சொல்லுங்கள்.