மலிவு விலை டூல்ஸ்: எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

காரை வீட்டிலேயே பழுது பார்க்க மலிவான டூல்ஸ் போதுமா? புனல், பழைய ஆயில் பிடிக்கும் தட்டு, சுத்தியல், பிளாஸ்டிக் கிளிப் கழற்றும் கருவி போன்றவற்றைத் தள்ளுபடியில் தாராளமாக வாங்கலாம்.

ஸ்பேனர், சாக்கெட் (போல்ட்டின் தலையில் மாட்டித் திருகும் குழாய் போன்ற கருவி) விஷயம் வேறு. அளவு துல்லியமாக இல்லாவிட்டால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். அப்புறம் அதைக் கழற்றுவதே தனி வேலை. இறுகிப்போன போல்ட்டை உள்பக்கம் 12 முனை உள்ள சாக்கெட்டைவிட 6 முனை சாக்கெட் நன்றாகப் பிடிக்கும். பெரிய செட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், பாதி அளவுகள் பெட்டியிலேயே தூங்கும். உங்கள் வண்டிக்கு அடிக்கடி தேவைப்படும் சில அளவுகள் (10 மி.மீ. கட்டாயம் இருக்கும்) தரமாக இருந்தால் சரி.

வண்டியைத் தூக்கும் ஜாக், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்ட் இரண்டிலும் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. தாங்கும் எடை குறிப்பிடாததைத் தொடாதீர்கள். ஸ்டாண்ட் வைக்காமல், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.