மலை ஊரில் இறுதிக்காலப் பராமரிப்புக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இனிச் சிகிச்சையால் பயனில்லை, வீட்டுக்கு அழைத்துப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயம்புத்தூரில் மருத்துவர் சொல்லிவிட, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறி வீடு வந்து சேரும் குடும்பத்துக்கு, நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதை யாரும் சொல்லிக்கொடுத்திருப்பதில்லை. புற்றுநோய் முற்றிய என் அம்மாவை நாங்கள் கோத்தகிரிக்கு அப்படித்தான் அழைத்து வந்தோம். அதன் பிறகு அவர் இருந்த நான்கு மாதங்களில் இரண்டு குழுக்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. முதல் குழுவில் வந்தவர்கள் கனிவானவர்கள். ஆனால் ஐப்பசி மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை இரவு வலி மாத்திரை தீர்ந்துபோனபோது, அவர்கள் கொடுத்திருந்த எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை 10 மணிக்குத்தான் மாத்திரை வந்தது. இடையில் கழிந்த இரண்டு இரவுகளை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஒரு குழு எப்படிப்பட்டது என்பதை அறிய, பகலில் அவர்கள் எவ்வளவு அன்பாகப் பேசுகிறார்கள் என்பதைவிட, இரவு 2 மணிக்கு வலி வந்தால் உங்கள் வீட்டில் என்ன இருக்கும், யார் பேசுவார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

எதைத் தேடுகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். இறுதிக்காலப் பராமரிப்பைக் குறிக்கும் ஹாஸ்பைஸ் என்ற சொல்லைக் கேட்டதும் படுக்கைகள் உள்ள ஒரு கட்டடம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. லண்டனில் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கியதும், மும்பையில் 1986இல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதனும் அப்படிப்பட்டவை. ஆனால் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கி கேரளம் முழுவதும் பரவிய முறை, நோயாளியின் வீட்டுக்கே செவிலியரும் தன்னார்வலரும் செல்வது. நீலகிரியில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைக்கக்கூடியதும் அந்த வகைதான். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சையும் ஒரு பகுதி. வட்டாரத்துக்கு (ஊராட்சி ஒன்றியத்துக்கு) ஒரு செவிலியரும் ஓர் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருவது அதன் அமைப்பு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லி முதலில் இதில் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஆனால் கணக்கையும் நினைவில் வையுங்கள்: ஆறு தாலுகா உள்ள நம் மாவட்டத்தில் வட்டாரங்கள் நான்குதான், பந்தலூரும் கூடலூர் வட்டாரத்தோடு சேர்ந்தது. அந்த வட்டாரத்தின் செவிலியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், ஒரு கோடியில் உள்ள சேரம்பாடியில் ஒரு வீட்டுக்கும் மறு கோடியில் உள்ள மசினகுடியில் ஒரு வீட்டுக்கும் ஒரே நாளில் போய்வர முடியாது. ஆகவே அரசுக் குழுவோடு ஒரு தொண்டு நிறுவனத்தின் அல்லது மருத்துவமனையின் குழுவையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. இரு தரப்புக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டு ஒரே நோட்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹோம் நர்சிங் என்ற பெயரில் ஆளனுப்பும் ஏஜென்சிகள் இறுதிக்காலப் பராமரிப்புக் குழுக்கள் அல்ல. குளிப்பாட்டவும் உடை மாற்றவும் அவர்கள் அனுப்பும் ஆள் பெரிய உதவியாக இருக்கலாம். ஆனால் வலியை அளந்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் மருத்துவர் பின்னால் இல்லாவிட்டால், நீங்கள் பணம் கொடுப்பது துணைக்கு மட்டுமே. வருபவர் பதிவு பெற்ற செவிலியரா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்து மார்ஃபின். இதைப் பற்றிக் கேட்கும் நான்கைந்து கேள்விகளிலேயே குழுவின் தரம் பெருமளவு தெரிந்துவிடும். புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழியாகக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரைதான் அடிப்படை மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வலியின் கடுமைக்கேற்ப மூன்று படிகளாக வகுத்துக்கொடுத்த முறையில் அது மூன்றாம் படி. ஆனால் ஊட்டியிலோ குன்னூரிலோ கடைவீதி மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டு வாங்கிவிடக்கூடிய மருந்து அல்ல அது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு, பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள, அதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வைத்திருந்து நோயாளிக்குக் கொடுக்கலாம். எனவே கேளுங்கள்: உங்களிடம் மார்ஃபின் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த மருத்துவமனையிலிருந்து வருகிறது, ஒரு தடவைக்கு எத்தனை நாளுக்குக் கொடுப்பீர்கள்? "அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது" என்று மழுப்பினாலோ, "அது கடைசி நேரத்தில் கொடுப்பது, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்று சொன்னாலோ, அந்தக் குழுவுக்கு இந்த வேலை தெரியாது என்று கொள்ளலாம். முறையாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை; வலி உள்ளவரைத் தூங்கவும் பேசவும் சாப்பிடவும் வைக்கிறது.

தெரிந்த குழு என்ன செய்யும் என்பதையும் சொல்கிறேன். சாதாரண மார்ஃபின் மாத்திரையை வலி வந்த பிறகு அல்ல, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்வார்கள். நடுவில் வலி பீறிட்டால் கொடுக்க வேண்டிய கூடுதல் அளவைத் தனியே எழுதித் தருவார்கள். சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று முன்னரே விசாரிப்பார்கள். முதல் நாளே மலமிளக்கி மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஏனெனில் மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வருவது ஏறக்குறைய உறுதி. மலமிளக்கி இல்லாமல் மார்ஃபின் எழுதிய சீட்டைக் கண்டால் எனக்கு இப்போதும் பதறுகிறது. என் அம்மாவுக்கு வலி அடங்கிய முதல் வாரத்தில், ஆறு நாள் வயிறு போகாமல் அவர் பட்ட அவதி புற்றுநோயின் அவதிக்குக் குறைந்ததாக இல்லை.

இனிப் பாதையைப் பற்றி. சமவெளி நகரங்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ இதுதான் முக்கியம். 2009 நவம்பரில் மண்சரிந்து மலைப்பாதைகள் துண்டிக்கப்பட்டதையும், 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். கூடலூரிலிருந்து மைசூருக்குப் போகும் சாலை பந்திப்பூரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைக்கப்பட்டிருக்கும். பந்தலூர்ப் பக்கத் தோட்டங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் யானைக்குப் பயந்து லயன் வீட்டிலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடு) யாரும் வெளியே வருவதில்லை. இந்நிலையில் "கூப்பிட்டால் வந்துவிடுவோம்" என்ற வாக்குறுதியை நம்பி இருப்பதில் பொருளில்லை. வர முடியாத இரவுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். நல்ல குழு மூன்று பதில் சொல்லும்: மழைக்காலத்தில் குறைந்தது 10 நாள் மருந்து வீட்டில் இருப்பில் இருக்கும்; வலி, வாந்தி, மூச்சுத்திணறல், மனக்குழப்பம் ஒவ்வொன்றுக்கும் எதை எவ்வளவு கொடுப்பது என்று தமிழில் எழுதி ஒட்டிய மருந்துப் பெட்டி ஒன்று இருக்கும்; நோயாளியைத் தெரிந்த ஒருவர் தொலைபேசியில் கிடைப்பார். இதில் மூன்றாவதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சேர்வதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு அந்த எண்ணை அழைத்து, விவரம் கேட்க அழைத்ததாக மரியாதையுடன் சொல்லுங்கள். யார் எடுக்கிறார், என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் வீட்டில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும் என்பதையும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

முதல் வருகையை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது குழுவின் செவிலியர் ஃபைலைக் கையில் வாங்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்கம்மா?" என்று கேட்டார். வலது பக்கம் என்றார் அம்மா. உடனே அவர் வலது இடுப்பையும் குதிகாலையும் விலக்கிப் பார்த்து, தோல் சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்தி, சிவப்பு மறைகிறதா என்று கவனித்தார். மறையவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி அதுதான் என்று எனக்கும் என் அண்ணிக்கும் காட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கும் முறையை, போர்வையை மடித்து முதுகுக்கு அணை கொடுப்பது வரை, எங்கள் கையாலேயே செய்ய வைத்தார். பிறகு டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரண்டு படி இறங்க வேண்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் நடத்த வேண்டாம் என்றார். இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு முன் வந்த குழு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எழுதிக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பியிருந்தது. வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கும் குழுவைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் வாரத்தில் ஒரு நாள் வருகிறார்கள். மற்ற ஆறு நாளும் நீங்கள்தான் செவிலியர்.

குளிரைப் பற்றி அவர்கள் பேசுகிறார்களா என்றும் பாருங்கள். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே நலமாக இருப்பவரின் விரலில் மாட்டினால்கூட, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் சமவெளியைவிடச் சற்றுக் குறைந்த எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பதறி ஆக்சிஜன் கருவியை வாடகைக்கு எடுக்கச் சொல்வதும், மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று சொல்லாமல் போவதும் நல்ல பராமரிப்பு அல்ல. மூச்சுத்திணறலுக்கு, தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, முகத்தில் காற்றுப் படும்படி சிறு கைவிசிறி வைத்தாலே பலருக்கு இதமாக இருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் மின்விசிறி கிடையாது என்பதால் இது யாருக்கும் தோன்றுவதில்லை. மாறாக, குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திக் கரியடுப்பை அறைக்குள் வைக்கிறோம்; அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும். கட்டிலடியில் இருக்கும் கரியடுப்பைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் போகிறவர், நோயாளியின் வீட்டைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மொழியையும் சேர்த்தே எடை போட வேண்டும். வலி எப்படி இருக்கிறது என்பதைத் தாய்மொழியில்தான் சரியாகச் சொல்ல முடியும். படுகர் கிராமமான ஹட்டியில் உள்ள பாட்டி படுக மொழியில் சொல்வதையும், கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பத்துப் பெரியவர் தம் மொழியில் சொல்வதையும் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறதா, அல்லது பேரன் மொழிபெயர்த்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்களா? பேரனிடம் சொல்லக் கூசும் வலிகள் உண்டு. அதேபோல், பிரார்த்தனையோ பூஜையோ வீட்டார் விரும்பினால் மட்டுமே நடக்க வேண்டும். சேவைக்கு ஈடாக எதையும் எதிர்பார்க்கும் குழுவை நாகரிகமாக விலக்கிவிடுங்கள்.

படுக்கை வசதி உள்ள இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தால், அவர்கள் அழைக்கும் நேரத்தில் அல்லாமல், பிற்பகலில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். நோயாளிகளின் உதடுகள் காய்ந்திருக்கின்றனவா, நகம் வெட்டியிருக்கிறதா, தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புண் நாற்றத்தைக் குறைக்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவும் எளிய முறை இருக்கையில், வார்டு முழுவதும் பினாயிலால் மட்டும் மூடி மறைத்திருந்தால் யோசிக்க வேண்டும். வீட்டார் ஒருவர் இரவு தங்க அனுமதி உண்டா என்பதையும், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

கட்டணத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எது இலவசம், எதற்குப் பணம், படுக்கைப் புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தையான ஆல்ஃபா பெட்டுக்கு வாடகை எவ்வளவு, டயப்பர் யார் வாங்குவது என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.

கடைசி நாட்களைப் பற்றி அவர்களால் வாய் திறந்து பேச முடிகிறதா என்பதே இறுதிச் சோதனை. உணவு இறங்காமல் போகும்போது குழாய் போட வேண்டுமா, மூச்சு கரகரக்கும்போது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்பதையெல்லாம் அந்த நேரத்தில் முடிவெடுக்க முடியாது. நோயாளி தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியிருக்கிறது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ உறுதிப்படுத்தினால் போதும். இதை வற்புறுத்தாமல், மறைக்காமல் எடுத்துச் சொல்லும் குழு வேண்டும். வீட்டிலேயே இறந்தால் இறப்புக் காரணச் சான்றான படிவம் 4ஏ-வில் எந்த மருத்துவர் கையெழுத்திடுவார் என்றும் கேட்டு வையுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதால், துக்க வீட்டில் இதற்காக அலைவது பெரும் சுமை.

அதன் பிறகு அவர்கள் வருவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்கலாம். எங்கள் செவிலியர் அம்மா போன பன்னிரண்டாம் நாள் வந்தார். மீதமிருந்த மார்ஃபின் அட்டைகளை எங்கள் முன்னாலேயே எண்ணி, 14 மாத்திரை என்று நோட்டில் எழுதி, அண்ணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பையில் வைத்தார். பிறகு எழுந்து போகாமல், அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு மணி நேரத்துக்கொரு முறை விழித்தே பழகிவிட்ட என் அப்பாவின் பக்கம் திரும்பி, "இப்ப ராத்திரி தூக்கம் வருதாங்கய்யா?" என்று கேட்டார்.