படைத் தயார்நிலைக் கணக்கு வேலை: ஒரு லாரி ஷெட்டை வைத்துப் பழகுவது எப்படி

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு லாரி ஷெட். மா சீசனுக்கு ரெண்டு வாரம் இருந்தது. முதலாளி அண்ணன் மாங்கூழ் ஆலைக்காரரிடம் போனில், "நம்மகிட்ட இருபது வண்டி இருக்குங்க, கவலைய விடுங்க" என்றார். லோடு வந்த அன்று காலை கேட்டைத் தாண்டியவை பதிமூன்று. அண்ணன் பொய் சொல்லவில்லை. இருபது வண்டி நிஜமாகவே நிற்கிறது. ஆலைக்காரர் கேட்டது "எத்தனை இருக்கிறது" என்பதல்ல, "எத்தனை கிளம்பும்" என்பது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டாளத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்கீப்பராகப் பதினேழு வருடம் நான் எழுதியது இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான். அதற்குப் பெயர்தான் தயார்நிலைக் கணக்கு. இப்போது ஊருக்கு வந்து அதே கணக்கை லாரிக்குப் போடுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பிள்ளைகள் சிலர் இந்த வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எக்ஸெல் திறக்க, வரிசை சேர்க்க, கூட்டல் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்று. என் யூனிட்டின் எண் எதையும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். 1923ஆம் வருடத்து அலுவலக ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவனையும் விடாது. கீழே உள்ள உதாரணமெல்லாம் லாரிதான்.

படி 1: எந்த வாசல்

வேலைத் தளங்களில் "ரெடினஸ் அனலிஸ்ட்" (தயார்நிலைக் கணக்கு பார்ப்பவர்) என்று தேடினால் அமெரிக்க விளம்பரங்கள் கொட்டும். சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அநேகமாக எல்லாவற்றிலும் அடியில் இரண்டு வரி இருக்கும்: அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், ரகசியம் கையாளும் அனுமதி வேண்டும். ஒரு தம்பி நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு ஏன் பதில் வரவில்லை என்று கேட்டான். அந்த விளம்பரங்களைப் பாடப்புத்தகமாக மட்டும் படியுங்கள். என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருப்பார்கள்.

நமக்குத் திறந்திருக்கும் வாசல்கள் வேறு. சீருடையோடு போவதென்றால் அக்னிவீர் திட்டத்தில் ஆபீஸ் அசிஸ்டென்ட், ஸ்டோர்கீப்பர் டெக்னிக்கல் பிரிவு. பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தம் 60 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 50 வேண்டும். ஆங்கிலத்திலும், கணக்கு அல்லது கணக்குப்பதிவியலிலும் அந்த 50 கட்டாயம். நம் இரண்டு மாவட்டமும் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வரும். நான்கு வருடப் பணி, முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

சீருடை வேண்டாம் என்றால் மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வு. அதில் வரும் ஆடிட்டர் பதவிகளில் பாதுகாப்புக் கணக்குத் துறையும் உண்டு, அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. அலுவலகமும் உண்டு. சி.ஏ.ஜி.யில் பாதுகாப்புத் தணிக்கைப் பிரிவுக்குப் போனவர்கள், நாங்கள் எழுதிய ரிட்டர்னை, அதாவது மேலே அனுப்பும் கணக்கு அறிக்கையை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து உரித்துப் பார்ப்பவர்கள். மூன்றாவது, தனியார். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் ஓசூர் ஒன்று, சேலம் ஒன்று. உதிரிபாகம் செய்கிற, பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கிற கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்த ஆள் தேவைப்படும்.

படி 2: பத்து வார்த்தை

ஆத்தரைஸ்டு என்றால் யூனிட்டுக்கு இருக்க வேண்டியது. ஹெல்ட் என்றால் கையில் இருப்பது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஓட்டை டெஃபிஷியன்சி. ஓடாமல் நிற்கும் வண்டி வி.ஓ.ஆர். விமானப்படையில் உதிரிபாகத்துக்குக் காத்து நிற்கும் விமானம் ஏ.ஓ.ஜி.

அமெரிக்க முறையில் நான்கு தூண்: ஆள், கையிருப்புக் கருவி, கருவியின் நிலை, பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை தரம். ஆள் கணக்கில் 90 சதவீதமும் மேலும் என்றால் 1, எண்பதுகள் 2, எழுபதுகள் 3, அதற்குக் கீழே 4. கருவிக்கு எல்லைகள் வேறு. பழகுவதற்கு எல்லாவற்றுக்கும் ஒரே எல்லை போதும். அங்கே 1999ஆம் நிதியாண்டுக்கான சட்டத்திலேயே இந்த அறிக்கை முறையைக் கட்டாயமாக்கினார்கள். 2002இல் டி.ஆர்.ஆர்.எஸ். என்ற புது அமைப்புக்கு உத்தரவு போட்டார்கள். விளம்பரங்களில் அந்த நான்கெழுத்து அடிக்கடி வரும்.

படி 3: தாள் திறவுங்கள்

ஒரு வண்டிக்கு ஒரு வரி. வண்டி எண், ஓடுமா, ஓடாதென்றால் காரணம், எந்தத் தேதியிலிருந்து, குறிப்பு. ஓட்டுநர்களுக்குத் தனித்தாள். அவ்வளவுதான்.

செல்களை மெர்ஜ் செய்யாதீர்கள். சிவப்புப் பெயின்ட் அடித்து "இது ரிப்பேர்" என்று காட்டாதீர்கள், நிறத்தை எந்தச் சூத்திரமும் எண்ணாது. காரணப் பத்தியில் கைக்கு வந்ததை அடிக்காமல், டேட்டா வேலிடேஷன் போட்டுப் பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்க வையுங்கள். "ரிப்பேர்", "ரிப்பேரு", "ரிபேர்" மூன்றும் கணினிக்கு மூன்று வியாதி.

காரணத்தைக் குறைந்தது இரண்டாகப் பிரியுங்கள்: சாமான் வராமல் நிற்கிறது, மெக்கானிக் கை வைக்காமல் நிற்கிறது. அமெரிக்கர்களும் சப்ளை, மெயின்டனன்ஸ் என்று இதே மாதிரிதான் பிரிக்கிறார்கள். அண்ணன் ஷெட்டில் ஐந்து வண்டி நின்றது. மூன்று கிளட்ச் பிளேட்டுக்கு, இரண்டு ஆள் இல்லாமல். அவரோ இன்னொரு மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருந்தார். வந்திருந்தாலும் அந்த மூன்றை அவர் சும்மா பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார்.

படி 4: எதால் வகுக்கிறோம்

என்னை மண்ணைக் கவ்வ வைத்த படி இது. நிதானமாகப் படியுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் முதல் ரிட்டர்னில் வண்டிகளின் தயார்நிலை தொண்ணூறைத் தாண்டி நின்றது. மார்தட்டிக்கொண்டு கையெழுத்துக்குக் கொண்டு போனேன். சுபேதார் சாப் தாளைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நிறுத்துமிடத்தைப் பார்த்தார். "பாக்கி தீன் காடி கிதர் ஹை?" மீதி மூன்று வண்டி எங்கே என்று கேட்டார். மூன்று வண்டி பெரிய பழுதுக்காக வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தது. நம் கையில் இல்லையே என்று கழித்துவிட்டேன். ஓடாத மூன்றைப் பின்னத்தின் மேலேயிருந்து மட்டுமல்ல, கீழேயிருந்தும் எடுத்துவிட்டேன். சதவீதம் தானாக ஏறிவிட்டது. மேலே இருப்பவர் அந்த எண்ணை நம்பி ஒரு வேலைக்கு வண்டி கேட்டால் என்ன செய்திருப்பேன் என்று சாப் கேட்டார். பதில் இல்லை. அன்று மதியம் லங்கரில் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது லாரிக்கு வாருங்கள். ஆலைகளோடு போட்ட ஒப்பந்தப்படி தேவை 24 வண்டி. கையில் 20. ஓடுவது 15.

15ஐ 20ஆல் வகுத்தால் 75 சதவீதம். 24ஆல் வகுத்தால் 62.5. இரண்டும் சரியான எண்தான், ஆனால் பதில் சொல்லும் கேள்விகள் வேறு. முதலாவது, "இருக்கிற வண்டியை ஒழுங்காகப் பராமரிக்கிறோமா?" இரண்டாவது, "ஒப்புக்கொண்ட வேலையை முடிப்போமா?" முதலாவது மெக்கானிக்குக்கு, இரண்டாவது முதலாளிக்கு. அதனால்தான் கையிருப்பையும் நிலையையும் இரண்டு தனித் தூணாக வைத்திருக்கிறார்கள். இருக்க வேண்டிய 24க்கு 20 என்பது ஒன்று, 83.3. இருக்கும் 20க்கு ஓடுவது 15 என்பது இன்னொன்று, 75. இரண்டையும் ஒரே சதவீதமாகக் குழைத்தால் வண்டி வாங்க வேண்டுமா, இருப்பதைச் சரிசெய்ய வேண்டுமா என்று தெரியாமல் போகும்.

என் வழக்கம்: சதவீதத்தைத் தனியாக எழுதவே மாட்டேன். பக்கத்திலேயே "15/20" என்று இருக்கும். யாராவது சதவீதத்தை மட்டும் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

செய்தியில் வரும் எண்ணையும் இப்படியே படிக்கப் பழகுங்கள். 2015இல் சி.ஏ.ஜி. அறிக்கை சுகோய் 30 விமானங்களின் தயார்நிலை 55 முதல் 60 சதவீதம், இருக்க வேண்டிய அளவு 75 என்றது. படித்ததும் கோபப்படுவதற்கு முன்னால், எதால் வகுத்தார்கள் என்று அறிக்கையில் தேடுங்கள். சி.ஏ.ஜி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பி.டி.எஃப்.தான்.

படி 5: சராசரி போடாதே

ஓட்டுநர் தேவை 24, வருவது 17: 70.8, தரம் 3. கையிருப்பு 83.3, தரம் 2. வண்டி நிலை 75, தரம் 3. பயிற்சிக்கு, இந்த ஆலைப் பாதையும் எடைமேடை நடைமுறையும் தெரிந்த ஓட்டுநர் 17இல் 12: 70.6, தரம் 3. நான்கையும் கூட்டி நான்கால் வகுக்கத்தான் எல்லாருக்கும் கை துடிக்கும். வகுக்கக் கூடாது. நான்கில் மோசமானது எதுவோ அதுதான் மொத்தத் தரம். அமெரிக்க முறையிலும் அப்படித்தான்.

ஏன்? ஓட்டுநர் இல்லாத லாரி பாதி லாரி ஆகிவிடாது. 2017இல் வந்த சி.ஏ.ஜி. வெடிமருந்து அறிக்கையில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. 152 வகையில் 31 மட்டுமே நாற்பது நாள் போருக்கான கையிருப்பு அளவை எட்டியிருந்தன. 61 வகை பத்து நாளுக்கும் குறைவு. பீரங்கிக் குண்டை வெடிக்க வைக்கும் ஃபியூஸின் பற்றாக்குறையையும் அதில் சொல்லியிருந்தார்கள். குண்டு கிடங்கு நிறைய இருந்தாலும் ஃபியூஸ் இல்லையென்றால் வெறும் இரும்பு. இதில் எதைச் சராசரி போடுவீர்கள்?

திருத்தம்: இந்தப் பதிவைப் படித்துவிட்டு பர்கூரிலிருந்து ஒரு லாரிக்காரர், "ஓடுற 15ல எத்தனைக்கு எஃப்.சி. இருக்குது?" என்று கேட்டார். எஃப்.சி. என்றால் வண்டியின் தகுதிச் சான்று. நியாயமான கேள்வி. பார்த்தால் இரண்டுக்குக் காலாவதி. இன்ஜின் ஓடும், ஆனால் ரோட்டில் ஏற முடியாது. ஆக 13. நிலை 65 சதவீதம், தரம் 4. சராசரி போட்டிருந்தால் இப்போதும் 72.4, தரம் 3 என்று காட்டி ஏமாற்றியிருக்கும். மொத்தத் தரம் 4. முதல் பத்தியில் கேட்டைத் தாண்டிய பதிமூன்று இதுதான். எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் மூன்றுக்கும் தேதிப் பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: குறிப்புப் பத்தி

சூத்திரம் 4 என்று சொன்னாலும், எஃப்.சி. இரண்டும் நாளை மறுநாள் கிடைத்துவிடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எண்ணைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் எழுதுங்கள். தரத்தை மாற்றிச் சொல்லும் அதிகாரம் தலைவருக்கு. அமெரிக்கப் படையிலும் கமாண்டர் தன் கணிப்பின்படி தரத்தை ஏற்றலாம், இறக்கலாம். கணக்கிட்ட தரம் அப்படியே பதிவில் நிற்கும். எழுதுகிறவன் எண்ணில் கை வைத்தால் அந்தத் தாளுக்கு மதிப்பு போயிற்று.

மேலிருந்து இலக்கு வரும்போதுதான் எண்ணில் கை வைக்கும் ஆசை அதிகம் வரும். 2018இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் மாட்டிஸ், எஃப் 35, எஃப் 22, எஃப் 16, எஃப் 18 போர் விமானங்களை ஒரு வருடத்துக்குள் 80 சதவீதத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்த மாதிரி உத்தரவு வந்த மறுநாள் ஒரு குமாஸ்தாவின் மேஜையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். படி 4ஐ இன்னொரு முறை படியுங்கள்.

கருவிகள்

பழக லிப்ரே ஆபீஸ் போதும், காசு இல்லை. வேலையில் எக்ஸெல்தான் இருக்கும். பிவட் டேபிளும் நிபந்தனையோடு எண்ணும் கவுண்ட்இஃப்ஸ் சூத்திரமும் கைவந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, பெரிய தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் எஸ்.க்யூ.எல். படமாக்கிக் காட்டும் பவர் பி.ஐ. கடைசியில். ஓசூரில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி முதலிலேயே வண்ணமயமான டாஷ்போர்டு கற்றுக்கொண்டு, 15ஐ எதால் வகுப்பது என்று தெரியாமல் வந்து நிற்பவர்களைப் பார்த்துவிட்டேன். ஆபீஸ் அசிஸ்டென்ட் பிரிவுக்குப் போகிறவர்கள் ஆங்கிலத் தட்டச்சையும் பழகுங்கள், தேர்வில் உண்டு. இதை முதலில் எழுத மறந்துவிட்டேன். ஊத்தங்கரைத் தம்பி ஒருவன் கருத்தில் திட்டிய பிறகு சேர்க்கிறேன்.

மேலும் இரண்டு சிக்கல், கருத்துகளில் வந்தவை

பென்னாகரத்திலிருந்து ஒருவர்: "வண்டி எத்தனை நாளாக நிற்கிறது என்று கழித்தால் மைனஸில் வருகிறது." அவர் அடித்தது 05/04, ஏப்ரல் ஐந்து. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்ததால் அதை மே நான்கு என்று எடுத்துக்கொண்டது. மொழி அமைப்பை ஆங்கிலம், இந்தியா என்று மாற்றுங்கள். இல்லையென்றால் வருடத்தை முன்னால் போட்டு 2025-04-05 என்று அடியுங்கள்.

இன்னொருவர்: "சாமான் வந்துவிட்டது, இப்போது மெக்கானிக் இல்லை. எந்தக் காரணம் போடுவது?" இன்று எது தடுக்கிறதோ அது. காரணம் மாறினால் பழைய வரியை அழிக்காமல் முடிவுத் தேதி போட்டு மூடுங்கள், கீழே புது வரி திறவுங்கள். சீசன் முடிந்ததும் மொத்தம் எத்தனை நாள் சாமானுக்காக நின்றோம் என்று அதிலிருந்துதான் எடுக்க முடியும்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கை தன் அப்பாவின் தக்காளி வண்டிகள் ஆறுக்கு இந்தத் தாளைப் போட்டு அனுப்பியிருந்தாள். ஆறுக்கு நான்கு, 66.7, தரம் 4, பின்னமும் பக்கத்திலேயே. ஒரே ஒரு இடத்தில் சிவப்பு மை போட்டேன். ஐந்தாவது வண்டியின் காரணப் பத்தி காலி, குறிப்பில் மட்டும் "டிரைவர் அண்ணனுக்குக் கல்யாணம், ரெண்டு நாள்". வண்டி ஓடும், ஆள்தான் இல்லை. அது வண்டித் தாளில் வரக்கூடாதும்மா, ஓட்டுநர் தாளுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப அனுப்பு.