பைலட் நிற்கவில்லையா? கேஸ் கீசரில் கை வைக்குமுன்

ஆனி பிறந்து தென்காசிப் பக்கம் சாரல் இறங்கத் தொடங்கியதும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே புகார்தான்: "அண்ணாச்சி, பைலட் நிற்க மாட்டேன் என்கிறது." பர்னரைப் பற்றவைக்கக் கீசருக்குள் எரிந்துகொண்டே இருக்கும் சின்னச் சுடர்தான் பைலட். கோடை முழுவதும் தொடாமல் கிடந்த கீசரை அப்போதுதான் தூசி தட்டிப் பற்றவைத்திருப்பார்கள். ஒரு நிமிடம் எரியும், அணையும். மறுபடி பற்றவைத்தால் மறுபடி அணையும்.

இப்போது விற்கும் கேஸ் கீசர்களில் பைலட் கிடையாது. குழாயைத் திறந்தால் பேட்டரி பொறி கொடுத்துப் பர்னரை நேராகப் பற்றவைத்துவிடும். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் பழைய பொருளை அவ்வளவு சீக்கிரம் யாரும் தூக்கிப் போடுவதில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கீசர் பேத்தியின் கல்யாணத்துக்கும் வெந்நீர் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டு வகையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு பையன்கள் தொழில் பழகுகிறார்கள். இருபது வயதில் நான் என்னென்ன தப்புச் செய்தேனோ அவற்றையே வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். அந்தத் தப்புகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சிலிண்டர் தீர்ந்துபோனது, வால்வைத் திறக்க மறந்தது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை வீட்டுக்காரர்களே சரிபார்த்துவிட்டுத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

அணைந்த கையோடு பற்றவைப்பது

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீரைப் போலத் தரையில் பரவிப் பள்ளத்தில் தங்கும். பைலட் அணைந்தால் குமிழை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து, ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். பிறகு குனிந்து, தரையோரம் முகர்ந்து பார்க்க வேண்டும். வாடை இருந்தால் தீக்குச்சியையும் தொடக் கூடாது, மின் சுவிட்சையும் தொடக் கூடாது. கசிவு நிற்கவில்லை என்றால் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். என் இடது புருவம் இன்றைக்கும் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறது. காரணம் கேட்பவர்களிடம் பிறவியிலேயே அப்படி என்று சொல்லிவிடுவேன்.

எடுத்த எடுப்பில் தெர்மோகப்பிளை மாற்றுவது

பைலட் சுடரில் நுனி நீட்டிக்கொண்டு ஒரு செம்புக் கம்பி இருக்கும். அதுதான் தெர்மோகப்பிள். நுனி காய்ந்துகொண்டிருக்கும்வரை அதில் 20 முதல் 30 மில்லிவோல்ட் மின்சாரம் எழும். கேஸ் வால்வுக்குள் உள்ள காந்தத்தைப் பிடித்துவைத்திருப்பது அந்தச் சொற்ப மின்சாரம்தான். சுடர் அணைந்தால் நுனி ஆறும், காந்தம் பிடியை விடும், வால்வு மூடிக்கொள்ளும்.

இது தெரிந்ததும் பையன்களுக்கு எல்லாக் கோளாறும் தெர்மோகப்பிளாகவே தெரியத் தொடங்கிவிடுகிறது. முதலில் சுடரைப் பார்க்க வேண்டும். நுனியின் மேல் பாகத்தைச் சுடர் தழுவுகிறதா, அல்லது பக்கத்தில் எங்கோ எட்டிப் பார்க்கிறதா? நுனியில் கரி படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புப் போதும். வால்வோடு சேரும் இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் துடைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது விரலால் இறுக்கிய பின் ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். லாரிச் சக்கரத்துக்கு நட்டு முறுக்குவது போல முறுக்கி நல்ல தெர்மோகப்பிளையும் கொன்றுவிடுகிறார்கள்.

இன்னொன்று, பற்றவைத்த பிறகு குமிழை அழுத்தியபடி முப்பது எண்ண வேண்டும். எண்ணச் சொன்னால் ரயில் பிடிக்கப் போகிறவர்களைப் போல எண்ணுகிறார்கள். பன்னிரண்டாவது விநாடியில் கையை எடுத்துவிட்டு, "நிற்கவில்லை அண்ணாச்சி" என்கிறார்கள். நுனி சூடேற வேண்டாமா?

பைலட் ஜெட்டை ஊசியால் குத்துவது

பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பின் போட்ட பரம்பரை நாம். அந்தக் கை இங்கே ஆகாது. கேஸ் வெளிவரும் சிறு துளையுள்ள ஜெட் பித்தளை, ஊசி எஃகு. அடைப்பை எடுக்கிறேன் என்று குத்தினால் துளை பெரிதாகிவிடும். அதன் பிறகு சுடர் மஞ்சளாக நீண்டு, தெர்மோகப்பிள்மேல் கரி அப்பி, அடுத்த மாதமே அணையத் தொடங்கும். கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, நன்றாக உலரவிட்டுப் பூட்டுங்கள். ஜெட்டோடு பர்னருக்குக் காற்றுப் போகும் குழலையும் பாருங்கள். நான்கு மாதம் சும்மா கிடந்த கீசரில் சிலந்தி நூலும் குளவி மண்ணும் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

காற்று வருகிறது என்று வென்டிலேட்டரை அடைப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குப் பார்த்த குளியலறை என்றால் வென்டிலேட்டர் வழியாக அந்தக் காற்று நேரே பைலட்டின் தலையில் அடிக்கும். அணைகிறது, ஏன் அணைகிறது, காற்று. அப்படியானால் காற்றை அடைத்துவிட வேண்டியதுதானே? யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது.

2004 ஆடியில் இலஞ்சியில் ஒரு வீடு. கண்ணாடிப் பட்டைகளைச் சரித்து அடுக்கிய வென்டிலேட்டர். அளவெடுத்து ஒட்டுப்பலகை அறுத்து, சட்டம் வைத்து அடித்து, இடுக்குகளில் மக்கு பூசி, சுத்தமாக வேலையை முடித்தேன். பைலட் தூண்டாமணி விளக்குப் போல நின்றது. அந்த வீட்டு ஆச்சி காபி கொடுத்து, கூலிக்கு மேல் ஐம்பது ரூபாயும் கொடுத்தார்கள். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது ஆச்சி பேச்சுவாக்கில் சொன்னார்கள்: "போன வெள்ளிக்கிழமை பேத்தி எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். குளித்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள். கதவை உடைத்துத்தான் தூக்கினோம். நல்லெண்ணெய் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை." அந்தப் பெண் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் தலைவலி, குமட்டல் என்று படுத்திருக்கிறாள். ஏதோ உறுத்தியது. அவளுக்கு முன்னால் யார் யார் குளித்தார்கள் என்று கேட்டேன். முதலில் தாத்தா, பிறகு அம்மா, கடைசியாக இவள். கடைசியாகக் குளிப்பவள், அதிலும் சீயக்காய் போட்டுத் தலை அலசி நெடுநேரம் குளிப்பவள்.

போய்க் கீசரைப் பற்றவைத்துப் பார்த்தேன். நீலமாக நிற்க வேண்டிய சுடர்களின் நுனியில் மஞ்சள் நாக்குகள். மேலே, வெள்ளையடித்த கூரையில் ஒரு தட்டு அகலத்துக்குக் கரி. சுத்தியலின் பின்பக்கத்தால் என் பலகையை நானே பெயர்த்துப் போட்டேன். ஆச்சி ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழாய் வேலைக்கும் அன்று கூலி வாங்கவில்லை.

கணக்கை அப்போதே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர், தொடர்ந்து எரிந்தால் மணிக்குச் சுமார் 1 கிலோ கேஸ் எடுக்கும். அது ஒழுங்காக எரிய 12 கன மீட்டர் அளவுக்குக் காற்று வேண்டும். 5 அடிக்கு 7 அடி, உயரம் 9 அடி என்றால் அந்தக் குளியலறைக்குள் இருக்கும் மொத்தக் காற்றே 9 கன மீட்டருக்குள்தான். மூன்று பேர் அடுத்தடுத்துக் குளித்தால் கீசர் அரை மணி நேரமாவது எரியும். அடைத்த அறையில் மூன்றாவது ஆள் எதைச் சுவாசிப்பார்?

பிராணவாயு குறைந்தால் கேஸ் அரைகுறையாக எரியும். அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பிடித்துக்கொள்ளும். நிறம் இல்லை, மணம் இல்லை. கேஸ் கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்பியே பழகிவிட்டோம். அந்த வாடை நமக்குத் தெரிய வேண்டும் என்று கேஸில் கலந்து அனுப்பும் வாடை. எரிந்த பிறகு வரும் விஷத்துக்கு யாரும் வாடை கலப்பதில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல் எல்லாம் வரும். எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க நினைக்கும்போது கை எழாது. இங்கே இதற்குப் பித்தம், சூடு, எண்ணெய் சேரவில்லை என்று ஆயிரம் பெயர் வைத்திருக்கிறோம்.

இத்தனையும் என் பையன்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குப் போனால், வென்டிலேட்டர் முழுக்கத் தெர்மாகோல், சுற்றிலும் எம்சீல். "காற்று அடித்தது அண்ணாச்சி, அதனால்தான்" என்றான். அதே சுத்தம், அதே பெருமிதம். வீட்டுக்காரர் முன்னாலேயே அவனைக் கொண்டே பெயர்க்கவைத்தேன். வீட்டுக்காரருக்கும் மனத்தாங்கல்: "குளிர்காற்று வராமல் நன்றாகத்தானே இருந்தது?"

காற்றால்தான் அணைகிறது என்றால் அதற்கு வழி இருக்கிறது. வென்டிலேட்டருக்கு வெளியே ஒரு சாண் தள்ளித் தகடு ஒன்றைக் கூரை போலச் சரித்துப் பொருத்தினால், காற்று சுற்றிக்கொண்டு வருமே தவிர நேராக அடிக்காது. மேலே ஒரு திறப்பு, கதவின் அடியில் ஒரு திறப்பு, இரண்டும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். இதைவிட நல்லது, கீசரைக் குளியலறையிலிருந்தே எடுத்துவிடுவது. பின்கட்டில் மழை படாத, காற்றோட்டமான சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். கூடுதலாகப் பத்தடிக் குழாயும் இரண்டு மணி நேர வேலையும் ஆகும். இதற்குச் சம்மதிக்காத வீட்டில் நான் இப்போது கீசர் மாட்டித் தருவதில்லை.

பைலட் குமிழைக் கம்பியால் கட்டிவைப்பது

அப்படிச் செய்தவனிடமிருந்து ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள்.

ஹோட்டல் அடுப்பு ரெகுலேட்டரை மாட்டுவது

கூடாது.

தண்ணீரின் குற்றத்தைக் கேஸ்மேல் சுமத்துவது

இது பேட்டரி வைத்த புதிய கீசர்களுக்கு. இவற்றில் தண்ணீர் வந்து உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரத்தைத் தள்ளினால்தான் கேஸ் திறக்கும். தள்ளுவதற்கு வலு வேண்டும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் 1 பார் அழுத்தம். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே, மாடிக் குளியலறையில் கீசர் மாட்டினால் ஒன்றரை மீட்டர்கூடத் தேறாது. அங்கே மாட்டிவிட்டு, கேஸ் சரியில்லை என்று சிலிண்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். தொட்டியை மேடை கட்டி ஏற்றுங்கள், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்று வரும் மாடலைப் பாருங்கள்.

ஷவரில் பச்சைத் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்தாலும் இதே கதைதான். வெந்நீர் லைனில் ஓட்டம் குறைந்து சுடர் அணையும். தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறிய வலையில் மணல் சேர்ந்தாலும் அணையும். அதைக் கழற்றிக் கழுவ ஐந்து நிமிடம் ஆகாது. தாமிரபரணித் தண்ணீர் வரும் தெருக்களில் சுருள்குழாய் பல வருடம் தாங்குகிறது. இராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் போர் தண்ணீரில் ஓடுபவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கும். சூடு தண்ணீருக்கு ஏறாமல் குழாயிலேயே தங்கும். சூட்டைக் கண்காணிக்கும் சுவிட்ச் கேஸை மூடிவிடும். அந்தச் சுவிட்சைப் பிடுங்கிவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கிவிடுவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இருபது நிமிடம் எரிந்ததும் தானாக அணைவது பல மாடல்களில் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. அது கோளாறு இல்லை. அதற்கும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

பேட்டரி

இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டார்ச்சிலிருந்து ஒன்றை உருவிப் போடாதீர்கள்.

டியூப்

5 ஆண்டு. டியூப்பின் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும்.